காலைச் சாப்பாடு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தேன். தடுப்பூசி போடப் போன இடத்தில், கர்ப்பிணிகளுக்கு எடை பார்க்கிற இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் என்று எங்கே பார்த்தாலும் "நர்ஸம்மா, ஒண்ணு கேக்கணும்" என்று யாராவது நிறுத்துவார்கள். பாதிக் கேள்விகள் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும், அதிலும் காலைச் சாப்பாட்டைப் பற்றி. ஓய்வு பெற்ற பிறகும் போனில் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அளவை மாற்ற வேண்டாம். அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

காலைல சாப்பிட்டே ஆகணுமா? எனக்குப் பசியே எடுக்க மாட்டேங்குதே.

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டால் காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. நீங்கள் தூங்கினாலும் இதயமும் மூளையும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. கல்லீரல், தான் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விட்டு அவற்றை ஓட்டுகிறது. மூளையின் எடை உடம்பில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. வளரும் குழந்தைக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகம். அதனால் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், உடல் உழைப்பு செய்கிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் காலையில் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்றே சொல்வேன்.

பசி எடுக்கவில்லை என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரி எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான். பத்தரைக்குப் பரோட்டா சாப்பிட்டுப் படுத்தால் ஆறரைக்கு எப்படிப் பசிக்கும்? ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணி வாக்கில் அளவாக முடித்துப் பாருங்கள். அநேகமாக ஒரு வாரத்தில் காலைப் பசி தானாக வந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால், எடையும் குறைந்துகொண்டே போனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

அப்ப எத்தனை மணிக்குச் சாப்பிடணும்?

இத்தனை மணிக்கு என்று சட்டம் எதுவும் இல்லை. எழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு எழுந்து பால் கறக்கிறவருக்கும் ஏழு மணிக்கு எழுகிறவருக்கும் ஒரே நேரம் ஒத்துவராது. தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் சாப்பிடுவதுதான் முக்கியம். வயிறு பழக்கத்துக்குக் கட்டுப்படும்.

சத்தான காலைச் சாப்பாடுன்னா ஓட்ஸ், கார்ன்ஃபிளேக்ஸ்தானா? அதெல்லாம் வாங்க வசதி வேணுமே.

வேண்டவே வேண்டாம். தட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது, அரிசி, கம்பு, கேழ்வரகு, கோதுமை என்று ஏதாவது ஒரு தானியம். இரண்டாவது பருப்பு, பயறு, கடலை, முட்டை, தயிர் இதில் ஒன்று. மூன்றாவது கீரையோ காயோ பழமோ. இதற்கு மேல் ரகசியம் எதுவும் கிடையாது.

ஓட்ஸ் கெட்டதில்லை. அதில் உள்ள நார்ச்சத்து ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர்க் கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாலில் அதே அளவுக்குச் சுமார் 120 தான். கம்பில் அரிசியைவிட இரும்புச்சத்து அதிகம். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கம்பங்கூழ்தான் காலைச் சாப்பாடு. ரேஷன் அரிசி வந்த பிறகு அது ஏழைச் சாப்பாடு என்று ஆகி, அப்புறம் ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழாக மட்டும் நின்றுவிட்டது. இப்போது அதே கம்பை அழகான பாக்கெட்டில் போட்டு நாலு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். பாக்கெட் வேண்டாம். சந்தையில் ஒரு கிலோ தானியமாக வாங்கி மில்லில் அரைத்து வையுங்கள்.

கார்ன்ஃபிளேக்ஸ் வாங்குகிறவர்கள் அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். சர்க்கரை எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு என்று அதிலேயே போட்டிருக்கும்.

எங்க வீட்டுல தினமும் இட்லி, தோசைதான். அது போதுமா?

இட்லியைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. அரிசியில் லைசின் என்ற புரதக்கூறு குறைவு. உளுந்தில் அது தாராளமாக இருக்கிறது. உளுந்தில் குறைவான கூறு அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. மாவு ராத்திரி முழுக்கப் புளிக்கும்போது நல்ல பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, சில பி வைட்டமின்கள் கூடுகின்றன. இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. அப்புறம் ஆவியில் வேகிறது, எண்ணெய் இல்லை. காய்ச்சலில் கிடந்தவருக்கும் பல் முளைக்காத பிள்ளைக்கும் ஒரே பாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கலாம்.

குறை எங்கே வருகிறது என்றால், உளுந்து விலை ஏறும்போது. நாலுக்கு ஒன்று என்று போட்டது ஆறுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று போய்விடுகிறது. அப்படி அரைத்தால் அது வெறும் அரிசிதான். இன்னொரு குறை தொட்டுக்கொள்வதில் வருகிறது. ஒரு நடுத்தர இட்லியில் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் வேண்டும். நாலு இட்லியைப் பொடியும் எண்ணெயும் தொட்டுச் சாப்பிட்டால் வயிறு நிறையும், கணக்கு நிறையாது. அதே நாலு இட்லிக்குப் பருப்பு தெரிகிற கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம், நிலக்கடலைச் சட்னி, இல்லை கூடவே ஒரு அவித்த முட்டை வைத்தால் நிலைமை மாறிவிடும். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம்.

தோசையில் வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரையை உருவிப் போடுங்கள். முருங்கைக்கு யாரிடமும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கிளையை ஒடித்து நட்டால் மரமாகிவிடும்.

பழைய சோத்துல இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுதுன்னு வாட்ஸ்ஆப்ல வருதே, நிஜமா?

இரும்பு புளிப்பதால் புதிதாகப் பிறக்காது. சோற்றில் ஏற்கனவே என்ன இருக்கிறதோ அதுதான் இருக்கும். இட்லி மாவுக்குச் சொன்ன கதைதான் இங்கேயும். புளிக்கும்போது இருக்கிற இரும்பு உடம்பில் சேர்வது சுலபமாகிறது. அரிசியில் முதலிலேயே இரும்பு குறைவு என்பதால், பழைய சோற்றை மட்டும் நம்பி ரத்தசோகையைச் சரிசெய்ய முடியாது.

ஆனாலும் பழைய சோறு நல்ல சாப்பாடு. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வகையாக மாறிக் குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனி ஆகிறது. வெயிலில் வேலைக்குப் போகிறவருக்கு நீராகாரமே பாதி பலம். புரதம்தான் அதில் குறைவு. தயிரோ கெட்டி மோரோ விடுங்கள். துவரம்பருப்புத் துவையலோ அவித்த பயறோ பக்கத்தில் வையுங்கள். மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு எல்லாம் ருசிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராம், அதாவது ஒரு சின்ன ஸ்பூன் அளவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இவற்றை ஒதுக்கிவிட்டுச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் அப்படியே வெளியில் வைத்துக் காலையில் தாளித்துக் கொடுப்பது வேறு, பழைய சோறு வேறு. வெளியில் கிடந்த சோற்றில் கெட்ட கிருமி பெருகி வாந்தி பேதி வரும். ஆறியதும் நல்ல தண்ணீர் ஊற்றி மூடுங்கள், காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். நூல் விட்டாலோ வாடை மாறியிருந்தாலோ கொட்டிவிடுங்கள்.

எந்திரிச்சதும் காபி இல்லேன்னா தலை வலிக்குது. விட்டே ஆகணுமா?

விட வேண்டாம், தள்ளி வையுங்கள். காபியிலும் டீயிலும் உள்ள டேனின் போன்ற பொருட்கள், சாப்பாட்டில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆறு மணிக்குக் காபி, எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் பிரச்சினை இல்லை. இட்லியை ஒரு கையிலும் டம்ளரை ஒரு கையிலும் வைத்திருப்பதுதான் பிரச்சினை.

இதற்கு நேர்மாறானது எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொய்யாவும். இவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துவிடும். கீரை அடையோடு டீ குடிப்பதற்குப் பதில் ஒரு நெல்லிக்காயைக் கடித்தால் அதே அடையிலிருந்து கூடுதல் பலன் கிடைக்கும். சர்க்கரையையும் கவனியுங்கள். நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் டீயிலேயே எட்டு ஸ்பூன் ஆகிவிட்டது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றினாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

வெறும் வயித்துல வெந்நீர்ல எலுமிச்சை, தேன் கலந்து குடிச்சா தொப்பை கரையுமா?

கரையாது. தண்ணீர் குடிப்பது நல்ல பழக்கம், அதைத் தாராளமாகச் செய்யுங்கள். தேன் என்பது சர்க்கரை கலந்த கணக்குத்தான். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடச் செய்யாதீர்கள், ஆபத்து.

பிள்ளைக்குப் பால்ல சத்து பவுடர் ரெண்டு ஸ்பூன் கலந்து குடுத்துடுறேன். அது போதாதா?

விளம்பரத்தில் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்து நாமும் ஏமாந்துபோகிறோம். அந்த டப்பாக்களில் பலவற்றில் பெரிய பங்கு சர்க்கரையும் மால்ட்டும்தான். 2024 ஏப்ரலில் மத்திய வணிகத்துறை அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் போட்டு விற்கக் கூடாது என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது. பால் நல்லதுதான். ஆனால் பால் மட்டும் சாப்பாடு ஆகாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் குடித்தே வயிறு நிறைந்த பிள்ளை சோறு தொடாது, மெல்ல மெல்ல வெளுத்துப்போகும். நான் பார்த்த வெளுத்த குழந்தைகளில் பல பேர் நல்ல வசதியான வீட்டுப் பிள்ளைகள்.

டப்பாவுக்குப் பதில் வீட்டிலேயே சத்துமாவு செய்யுங்கள். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு மூன்றையும் முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுத்து, பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் சேர்த்து அரைத்தால் வாசனையே ஆளை இழுக்கும். கடலை சேர்ப்பதால் ஒரே தடவையில் ஐந்து கிலோ அரைக்காதீர்கள், சிக்கடித்துவிடும். இரண்டு வாரத்துக்கு வருகிற மாதிரி அரையுங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலேயே மாவு தருகிறார்கள். அதை வாங்கி மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற வீடுகள் உண்டு. தயவுசெய்து பிள்ளைக்கே கொடுங்கள்.

பள்ளிக்கூடத்துலயே இப்ப காலைச் சாப்பாடு போடுறாங்க. அப்ப வீட்டுல எதுக்கு?

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஆரம்பித்த திட்டம் இது. முதலில் 1,545 பள்ளிகள், சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகள். 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அடுத்த வருடம் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றிக் காய்கறிச் சாம்பாரோடு போடுகிறார்கள். பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுப் பாடம் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது, 1956-இல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். அதெல்லாம் மதியத்துக்கு. காலை வயிறு மட்டும் அத்தனை வருடமும் காலியாகவே கிடந்தது.

பள்ளியில் சாப்பிடுகிற பிள்ளைக்கு வீட்டில் இன்னொரு முழுச் சாப்பாடு தேவையில்லை. எழுந்து இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் ஒரு பழமோ, ஒரு டம்ளர் பாலோ கொடுத்து அனுப்புங்கள். முக்கியமான ஒன்று, நேரத்துக்கு அனுப்புவது. மணி அடிக்கும்போது ஓடி வருகிற பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு தவறிப்போகும். சில அம்மாக்கள் "பள்ளிக்கூடச் சாப்பாடு எதுக்கு, நாம என்ன இல்லாதவங்களா" என்பார்கள். பக்கத்தில் நண்பன் சாப்பிட, வீட்டில் தொடாத காய்கறியைப் பிள்ளை அங்கே சாப்பிடும். நான் கண்ணால் பார்த்தது.

சனி, ஞாயிறையும் மறக்காதீர்கள். ஆறாம் வகுப்புக்குப் போன அண்ணன், அக்காவையும் மறக்காதீர்கள். தம்பிக்குப் பள்ளியில் கிடைக்கிறதே என்று அடுப்பு பற்றவைக்காத வீட்டில் பட்டினி கிடப்பது அவர்கள்தான்.

பையன் எந்திரிக்கவே எட்டு மணி ஆகுது. சாப்பிட எங்க நேரம்?

இது சாப்பாட்டுக் கேள்வியே இல்லை, தூக்கக் கேள்வி. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்வயதில் எட்டு முதல் பத்து. பதினொரு மணிவரை போன் பார்த்தவனை ஆறு மணிக்கு எழுப்பினால் கோபம்தான் வரும், பசி வராது. போனுக்குப் படுக்கிற அறையில் இடம் இல்லை என்று வையுங்கள், அப்பா அம்மா போனுக்கும் சேர்த்து. பையையும் சீருடையையும் ராத்திரியே எடுத்து வைத்தால் காலையில் கால் மணி நேரம் மிச்சம்.

இன்னொன்று உண்டு, யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். காலையில் ஏதாவது உள்ளே போனால்தான் குடல் அசையும், வெளிக்குப் போகும் உணர்வு வரும். இது உடம்பின் இயல்பு. சாப்பிடாமல் அவசரமாகப் போகிற பிள்ளைக்கு அந்த உணர்வு பள்ளியில் வரும், கழிப்பறை பிடிக்காமல் அடக்கிக்கொள்ளும். அப்படியே மலச்சிக்கல் ஆகிவிடும். வயிற்றுவலி என்று என்னிடம் கூட்டிவந்த பல பிள்ளைகளுக்கு நோய் எதுவும் இல்லை, காலையில் பத்து நிமிஷம்தான் இல்லை.

பொண்ணு பள்ளிக்கூடப் பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. குடுக்குற நீல மாத்திரைய போட்டா வாந்தி வருதுங்கிறா. நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம். நீல மாத்திரை, வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கிற இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் பலருக்குக் குமட்டும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்வது அதனால்தான். காலையில் பட்டினியாக வந்த பெண், ஆசிரியர் கொடுத்ததும் விழுங்கிவிட்டு வாந்தி எடுப்பாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிவார்கள். சாப்பிட்டுப் போனால் இரண்டு பிரச்சினையும் பெரும்பாலும் தீரும்.

மயங்கி விழுந்ததைச் சும்மா விடாதீர்கள். மாதவிடாய் ஆரம்பித்த பெண்ணுக்கு, ரத்தசோகை இருக்கிறதா என்று தெரிய ஒரு முறை ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து வெளுப்பாக இருந்தால் அன்றைக்கே போங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை: இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று கெடுக்கும். காபியைத் தள்ளி வைக்கச் சொன்னது இரும்பு மாத்திரைக்கும் பொருந்தும்.

எனக்கு சுகர் இருக்கு. காலைல சாப்பிடாம இருந்தா குறையும்ல? இட்லியும் ஆகாதுன்னு சொல்றாங்க.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் தாங்களாகக் காலைச் சாப்பாட்டை விடவே கூடாது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது எல்லாம் அதன் அடையாளம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடி குடித்து, அப்புறம் சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். "ராத்திரியே சாப்பிடலை, காலைல எப்படி 160 வந்துச்சு" என்றும் கேட்பார்கள். முதல் கேள்வியில் சொன்ன கல்லீரல்தான் காரணம். விடியற்காலையில் அது கொஞ்சம் கூடுதலாகவே சர்க்கரையை விடும்.

இட்லி சாப்பிடலாம். ஏழெட்டு இட்லி சாப்பிடக் கூடாது. இரண்டு மூன்று இட்லி, காய் நிறைந்த சாம்பார், கூடவே சுண்டலோ முட்டையோ. காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டு இட்லியைப் பின்னால் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் ஏறும். அதையே அடையாகவோ புட்டாகவோ, கீரை சேர்த்துச் சாப்பிடுவது மேல். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் தெருவில் நடங்கள். நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே இந்தப் பேச்சு உங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை.

தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல போடணும்ங்கிறாங்க. அப்புறம் எப்ப சாப்பிட?

எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. அந்த இடைவெளியில் காபியும் கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இருந்தால் நாலு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

உடம்பைக் குறைக்க காலைச் சாப்பாட்டை விடலாம்னு யூடியூப்ல சொல்றாங்க. நீங்க வேற மாதிரி சொல்றீங்களே?

உள்ளதைச் சொல்கிறேன். காலையில் சாப்பிட்டால்தான் எடை குறையும் என்பது நிரூபணம் ஆனதில்லை. 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாகத்தான் சாப்பிட்டிருந்தார்கள், எடையும் சற்றுக் கூடவே இருந்தது. ஆக, நோய் இல்லாத, மாத்திரை எடுக்காத பெரியவர் ஒருவர் பதினோரு மணிக்கு முதல் சாப்பாடு சாப்பிட்டு, மற்ற நேரமும் அளவாக இருந்தால் அவரை நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் எங்கள் ஊரில் காலையில் விடுகிறவர்கள் அப்படி இருப்பதில்லை. பத்து மணிக்கு இரண்டு வடையும் டீயும், பதினொன்றரைக்கு பிஸ்கட், மதியம் குவித்துச் சோறு. இதில் எது குறையும்? முதல் கேள்வியில் பட்டியல் போட்டேனே, அவர்கள் யாரும் இந்த முறையைத் தொட வேண்டாம். பதின்வயதுப் பெண்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பட்டினி கிடப்பதை வீட்டில் உள்ளவர்கள் கவனியுங்கள்.

ரூம்ல தனியா இருக்கேன், அடுப்பு கிடையாது. டீயும் பன்னும்தான் கதி.

ராத்திரி ஒரு கைப்பிடி நிலக்கடலையும் ஒரு கைப்பிடி பாசிப்பயறும் தனித்தனியாக ஊறப்போடுங்கள். காலையில் கெட்டி அவலை நனைத்து, தயிர் விட்டு, உப்பும் வெங்காயமும் சேர்த்து, ஊறிய கடலையையும் பயறையும் போட்டால் ஒரு சாப்பாடு. இன்னொரு நாள் இரண்டு வாழைப்பழம், பொட்டுக்கடலை, டீக்கடையில் அவித்த முட்டை இரண்டு. அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் இட்லி ஒரு ரூபாய்தான்.

ஊர்ல அம்மா தனியா இருக்காங்க. டீயும் ரெண்டு பிஸ்கட்டும் போதும்ங்கிறாங்க.

வயதானால் நாக்கு மங்கும், பல் இருக்காது, தனியாளுக்கு எதற்கு அடுப்பு என்று தோன்றும். ஆனால் தசை கரையும் வயதும் அதுதான். கால் வலுவில்லாமல் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மென்மையாக, பருப்பு சேர்ந்த மாதிரி வேண்டும். குழைந்த பாசிப்பருப்புப் பொங்கல், சாம்பாரில் ஊறிய இட்லி, முட்டைப் பொடிமாஸ், தயிர் சேர்த்த கூழ்.

போனில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டால் "ஆச்சுப்பா" என்றுதான் பதில் வரும். "என்னம்மா சாப்பிட்ட, என்ன தொட்டுக்கிட்ட" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் மாசம் ஒரு தொகை கொடுத்துக் காலை இட்லியை மட்டும் கொடுக்கச் சொன்ன ஒரு மகனை எனக்குத் தெரியும். அந்தம்மா சாப்பாட்டுக்கு மட்டுமல்லாமல், கொண்டுவருகிற பெண்ணோடு பேசுவதற்கும் காத்திருப்பார்.

எல்லாருக்கும் செஞ்சு குடுத்துட்டு ஏழு மணி வேனைப் பிடிக்கணும். நான் எப்ப நர்ஸம்மா சாப்பிடுறது?

இத்தனை கேள்வியிலும் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்த கேள்வி இதுதான். எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற பெண்கள் நாலரைக்கு எழுவார்கள். தண்ணீர் பிடித்து, மாமனாருக்கு டீ வைத்து, பிள்ளைகளுக்குத் தோசை சுட்டு, கணவருக்குத் தூக்குச் சட்டி கட்டிக் கொடுத்து, கல்லில் கடைசியாக ஒட்டிய பிய்ந்த தோசையை நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். பல நாள் அதுவும் கிடையாது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019–21-இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிய்ந்த தோசைதான் ஞாபகத்துக்கு வரும்.

"சீக்கிரம் எழுந்து சாப்பிடுங்கள்" என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் உள்ள ஆண்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் சொல்வேன்: தண்ணீர் பிடிப்பது, டீ போடுவது, சட்டி கட்டுவது மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் அவருக்கு இருபது நிமிஷம் கிடைக்கும். அந்தப் பெண்களிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: முதல் ஈட்டில் வெந்த இட்லியில் உங்களுடையதை முதலில் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடி, வாசல் பக்கம் செருப்புக்கு மேலே உள்ள மாடத்தில் வைத்துவிடுங்கள். மிச்சத்தைப் பங்கு போடுங்கள்.

ஹீமோகுளோபின் 8.4 இருந்த ஒருவர், இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா, முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார். "நான் முதல்ல எடுத்தா மாமியார் என்ன சொல்லும்" என்றார். மாமியாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, சீட்டில் இருந்த எண்ணைக் காட்டினேன். அந்தம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து டப்பாவைக் கட்டி மாடத்தில் வைத்தது அவர்தான். மாத்திரையும் தவறாமல் போட்டதில் மூன்றாம் மாதம் 10.6 வந்தது. இப்போது அந்தப் பெண் வேனில் ஏறும்போது கையில் இரண்டு டப்பா இருக்கிறது, சின்னது காலைக்கு, பெரியது மதியத்துக்கு. சின்னதை வேன் சாத்தூர் ரோட்டைத் தொடுவதற்குள் காலி செய்துவிடுவாராம். பக்கத்தில் உட்காருகிற இரண்டு பேரும் இப்போது சின்ன டப்பா கொண்டுவருகிறார்கள் என்று போன மாதம் போனில் சொன்னார்.